சீசர் தலை என்ன விலை?

போன வாரம் சாமல்பட்டி ஸ்டேஷன் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தைப் பிரித்து, "சார், இது ரோமாபுரித் தங்கக் காசாம். பார்த்துச் சொல்லுங்க" என்றார். உள்ளே மாலை சூடிய ஒரு தலை. கூட்டம் கூடிவிட்டது. "வீட்டுக்குப் போய் எழுதறேன்" என்று நழுவினேன். அதன் பலன், இந்த வாரத் தபால் முழுக்க ரோமாபுரி.

டீக்கடையில் காசு காட்டிய வாசகர், சாமல்பட்டி: ஏன் சார் நழுவினீங்க? அசலா, போலியா?

பத்துப் பேர் நடுவில் சொல்ல மனசு வரவில்லை. போலி. உங்கள் காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது, கவனித்தீர்களா? இரண்டு அச்சு சேர்ந்த இடம் அது. அந்தத் தலையின் கன்னத்தில் ஊசி குத்தியதுபோல் பொட்டுப் பொட்டாகக் குழி. வார்ப்பில் காற்றுக் குமிழி மாட்டினால் அப்படி வரும். ரோமானியர்கள் தங்கக் காசை வார்க்கவில்லை. தங்க வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் ஒரே போடு. அசலில் இந்தக் கோடும் குழியும் இருக்காது.

இன்னொரு கணக்கு. ரோமானியத் தங்கக் காசுக்குப் பெயர் அவுரியஸ். அகஸ்டஸ் மன்னர் காலத்து அவுரியஸ் சுமார் 7.9 கிராம். நம்முடைய பத்து ரூபாய் நாணயம் 7.7 கிராம். ஆனால் பத்து ரூபாயின் அகலம் 27 மில்லிமீட்டர். அவுரியஸ் 19, 20தான். அதாவது ஐம்பது பைசா அகலத்தில் பத்து ரூபாய்க் கனம். உள்ளங்கையில் வைத்தால் 'இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு பாரமா' என்று கை திடுக்கிட வேண்டும். தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம், பித்தளை எட்டரை மடங்கு. உங்கள் காசு என் கையைத் திடுக்கிட வைக்கவில்லை.

வீட்டுக்கு வானம் தோண்டும்போது கிடைத்தது, பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொல்லி வாங்கினீர்களா? அந்த 'வானம்' தமிழ்நாடு முழுக்கத் தோண்டப்பட்டுக்கொண்டேயிருக்கிறது.

ஒரு குவாரித் தொழிலாளி, பர்கூர்: எங்க ஊர்க் கருங்கல்லுலயே உரைச்சுப் பார்த்தா தெரியாதாண்ணே?

தெரியாது தம்பி. கிரானைட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பாருங்கள், கல்கண்டு மாதிரி மணிமணியாக இருக்கும். உரைகல்லுக்கு மணி தெரியக்கூடாது. மாவு அரைத்துப் பிசைந்ததுபோல் நுண்மையாக, கறுப்பாக இருக்க வேண்டும்.

அடகுக்கடையில் பார்த்திருப்பீர்கள். மோதிரத்தைக் கல்லில் ஒரு இழு. மஞ்சளாக ஒரு கோடு. பக்கத்தில் தரம் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் திராவகம். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்ப்பார். நாம் அவர் முகத்தையே பார்ப்போம். மோதிரத்தில் செதுக்கியிருக்கும் மயிலை அவர் ஒருமுறைகூடப் பார்க்கமாட்டார்.

அந்த மயிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஒரு வாசகி, ஊத்தங்கரை: ஒரு ரோமானியக் காசு எத்தனை பவுன்?

கிட்டத்தட்ட ஒரு பவுனேதான். பவுன் என்று நாம் சொல்வது இங்கிலாந்தின் சவரன் நாணயத்தை. 1817-லிருந்து அடிக்கிறார்கள், எடை 7.98 கிராம், 22 காரட். அவுரியஸ் அநேகமாகச் சொக்கத் தங்கம்.

உங்கள் பாட்டியின் காசுமாலையை எடுத்துப் பாருங்கள். விக்டோரியா மகாராணி வரிசையாகத் தொங்கினாலும் தொங்குவார். கல்யாணத்துக்கு 'இருபது பவுன் போடுகிறோம்' என்று பேசும்போது, எடைக்கல்லாக ஒரு வெள்ளைக்கார நாணயம் உட்கார்ந்திருக்கிறது. ராணி போய்விட்டார், எடை மட்டும் தங்கிவிட்டது. ரோமானியக் காசுகளிலும் துளை போட்டும் கொக்கி பற்றவைத்தும் கழுத்தில் தொங்கவிட்டவை இந்தியாவில் கிடைத்திருக்கின்றன. பாட்டிக்கும் பாட்டி.

நகைக்கடை ஊழியர், கிருஷ்ணகிரி: அந்தக் காலத்திலும் செய்கூலி, சேதாரம் உண்டா?

செய்கூலி தெரியாது, சேதாரத்தை நீரோ மன்னன் கண்டுபிடித்தான். கி.பி. 64-இல் ரோம் நகரம் தீப்பிடித்து எரிந்தது. கஜானா காலி. ஒரு ராத்தல் தங்கத்தில் 45 காசு அடி என்றான். 7.9 கிராமாகத் தொடங்கிய காசு 7.3-க்கு வந்துவிட்டது. கணக்குப் போட்டால் ஏழரை சதவீதம். வெள்ளிக் காசில் எடையைக் குறைத்ததோடு நிற்காமல் செம்பையும் கலந்தான். காசில் அவன் தாடையும் கழுத்தும் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகும். காசு இளைத்தது, ராஜா பெருத்தான்.

கல்லூரி மாணவி, ஓசூர்: காசில் படம் போட இவ்வளவு மெனக்கெட்டது ஏன்? வெறும் எண் போட்டால் போதாதா?

செய்தித்தாள் இல்லை, டி.வி. இல்லை, சுவரொட்டி ஒட்ட பசைகூட இல்லை. ஸ்பெயினிலிருந்து சிரியா வரை எல்லார் கையிலும் போய்ச்சேரும் ஒரே சாமான் காசு. விடுவார்களா?

முதலில் ஆரம்பித்தவர் ஜூலியஸ் சீசர். உயிரோடு இருக்கும் மனிதன் தலையைக் காசில் போடுவது ரோமில் வழக்கமில்லை. தெய்வத்துக்கும் செத்தவர்களுக்கும்தான் இடம். கி.மு. 44 ஜனவரி, பிப்ரவரி வாக்கில் சீசர் தன் தலையைப் போட்டார். மார்ச்சில் குத்திக் கொன்றுவிட்டார்கள். காசுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குத்தியவர்களில் ஒருவரான புரூட்டஸ் ரெண்டே வருஷத்தில் ஒரு காசு அடித்தார். ஒரு பக்கம் இரண்டு குத்துவாள், நடுவே விடுதலையான அடிமை போடும் தொப்பி, கீழே கொலை நடந்த தேதி. மறுபக்கம்? புரூட்டஸின் தலை! தலை போட்டவரைக் கொன்றவர் தன் தலையைப் போட்டார். அரசியல் அன்றைக்கும் இதுதான்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் வெற்றி விளம்பரத்தில் இறங்கினார்கள். கிளாடியஸ் பிரிட்டனைப் பிடித்ததும் ஒரு வெற்றி வளைவைக் காசில் அடித்தார், அதன் மேல் பிரிட்டனின் பெயரோடு. வெஸ்பாசியன் காசில் யூதேயா நாடே ஒரு பெண்ணாகத் தலைகுனிந்து தரையில் உட்கார்ந்திருக்கும். பின்னால் பறித்த ஆயுதங்கள்.

எனக்குப் பிடித்தது நீரோவும் அம்மாவும். இரவு ஏழு மணி சீரியல் தோற்றது. கி.பி. 54-இல் பையன் பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்ததும் அடித்த காசில் அம்மா அக்ரிப்பினாவும் பிள்ளையும் நேருக்கு நேர், சரிசமமாக. சுற்றி எழுதியிருப்பது அம்மா பெயர். பிள்ளை பெயர் பின்பக்கம். அடுத்த ஆண்டுக் காசில் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், பிள்ளை முன்னால், அம்மா அவன் தோளுக்குப் பின்னால் மறைகிறார். பெயர்களும் இடம் மாறிவிட்டன. அதற்கும் பிறகு அம்மாவைக் காணோம். 59-இல் மகனே ஆள் அனுப்பிக் கொன்றான். மூன்று காசை வரிசையாக வைத்தால் கதை வசனம் தேவையில்லை.

ஒரு வாசகர், மத்தூர்: எல்லாத் தலையிலும் இலை மாலை. என்ன ரகசியம்?

வெற்றி பெற்றவனுக்குச் சூட்டும் மாலை. சீசருக்கு அது கூடுதல் சந்தோஷம் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். முன்மண்டை வழுக்கை.

ஜோதிட ஆர்வலர், போச்சம்பள்ளி: ரோமானிய ராஜாக்களுக்கு ராசி நட்சத்திரம் உண்டா?

அகஸ்டஸுக்கு மகரம். ஜாதகத்தை ஊரறிய வெளியிட்டு, ஆட்டுத் தலையும் மீன் வாலுமாக மகர உருவத்தை வெள்ளிக் காசில் அடித்துவிட்டார். ராசியைக் காசாக்கியவர் உலகத்தில் நிறையப் பேர். அரசாங்க அச்சில் ஆக்கியவர் இவர்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காவேரிப்பட்டணம்: தமிழகத்தில் கிடைத்த தங்கக் காசுகளில் மிகப் பெரிய குவியல் எது? அந்தத் தலைகளை நம்மவர்கள் மதித்தார்களா?

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. 1898-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 அவுரியஸ்கள் ஒரே இடத்தில் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜார்ஜ் ஹில் ஆராய்ந்து எழுதினார். காசுகளில் பலவும் அங்கே போய்ச் சேர்ந்தன. பழனிப் பக்கம் கலையம்புத்தூரில் 1856-இல் 63 கிடைத்திருந்தது. அதற்கும் முன்னால், 1847-இல், கண்ணூர் அருகே கோட்டயம் என்ற ஊரில் தங்கக் காசு கூலிகள் சுமந்துபோகும் அளவுக்குக் கிடைத்த கதை உண்டு.

கருக்காக்குறிச்சியின் விசேஷம் எண்ணிக்கையில் இல்லை. பெரும்பாலான காசுகளில் ராஜாவின் தலைமேல் ஒரு வெட்டு. உளியாலோ அரத்தாலோ, கன்னத்தில், கழுத்தில், காதுக்குக் குறுக்கே. பின்பக்கத்துத் தெய்வத்துக்கும் ரதத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலைக்குத்தான் அடி.

ஏன்? உள்ளே செம்பு வைத்து மேலே முலாம் பூசியிருக்கிறதா என்று சோதித்தார்கள் என்பது ஒரு கட்சி. அப்படியானால் விளிம்பில் கீறினால் போதுமே, வேலை மெனக்கெட்டு மூக்கைத் தேடுவானேன்? 'இது இனிமேல் காசு இல்லை, தங்கம் மட்டும்' என்று செல்லாததாக்கிய அடையாளம் என்பது ஹில்லின் கட்சி. நான் இதன் பக்கம். ரயில் டிக்கெட்டில் ஓட்டை போடுவதுபோல. 2016 நவம்பர் 8-இல் பெரிய நோட்டுகள் செல்லாமல் போனதைப் பார்த்தவர்களுக்குச் செல்லாத காசு பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு நம் கையில் மிஞ்சியது காகிதம். வெட்டுப்பட்ட சீசர் அதற்குப் பிறகும் ஏழே முக்கால் கிராம் தங்கம்.

ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை: அந்த லத்தீன் எழுத்தை இங்கே யார் படித்திருப்பார்கள்?

படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கேளுங்கள். செங்கடலில் வரி வசூல் குத்தகை எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலையான ஒருவன், காற்றில் சிக்கிப் பதினைந்தாம் நாள் இலங்கையில் கரை ஒதுங்கினான். ஆறு மாதம் ராஜ விருந்து; மொழியும் கற்றுக்கொண்டான். ராஜா அவனிடம் இருந்த தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுகளை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள் தலை. ஆனால் எல்லாம் ஒரே எடை. 'ஆள் மாறியும் எடை மாறவில்லையே, இவர்கள் நாணயமானவர்கள்' என்று வியந்து, கிளாடியஸ் மன்னருக்கு நான்கு தூதர்களை அனுப்பினார். ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிய கதை. பிளினி கதைகளைக் கொஞ்சம் உப்போடு சாப்பிட வேண்டும். ஆனால் புளோகாமஸ் நிஜமான ஆள். அவருடைய வேலையாள் ஒருவன் எகிப்துப் பாலைவனத்தில் பாறையில் கிறுக்கிவிட்டுப் போன வரி கிடைத்திருக்கிறது, கி.பி. 6-ஆம் ஆண்டு.

கவனியுங்கள்: தமிழில் 'நாணயம்' என்றால் காசு, 'நாணயம்' என்றால் நேர்மை. இலங்கை ராஜா தமிழ் அகராதியைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். அடகுக்கடைக்காரரும் மயிலும் அதே கதைதான்.

கணக்காளர், ஓசூர் சிப்காட்: தங்கம் இறக்குமதியால் அந்நியச் செலாவணி போகிறது என்று நம் அரசு வருத்தப்படுகிறது. ரோமானியர்கள் வருத்தப்படவில்லையா?

புலம்பித் தீர்த்தார்கள். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று பிளினி கணக்கெழுதினார். நூறு செஸ்டர்ஸ் ஒரு அவுரியஸ். ஆக ஐந்து லட்சம் தங்கக் காசு. மூன்றரை டன்னுக்கு மேல். பிளினியின் கணக்கில் எவ்வளவு கோபம், எவ்வளவு கணிதம் என்று பிரிப்பது கஷ்டம். ஒரே ஒரு கப்பல் சரக்கின் மதிப்பு அதைவிட நம்பகமாகக் கிடைத்திருக்கிறது: முசிறித் துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிய ஹெர்மாபொல்லோன். வியன்னாவில் இருக்கும் பப்பைரஸ் ஏட்டின்படி சுங்கம் போக சுமார் எழுபது லட்சம் செஸ்டர்ஸ். சுங்கம் சரக்கில் கால் பங்கு! புலம்பிய அரசாங்கம்தான் கல்லாவிலும் உட்கார்ந்திருந்தது.

பிளினிக்கு முன்பே, கி.பி. 22-இல், டைபீரியஸ் மன்னர் செனட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண்களின் ரத்தினக் கல் மோகத்தால் நம் பணம் அந்நியர் கைக்குப் போகிறது என்று குறைப்பட்டதாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்கிறார். கல் எங்கிருந்து போனது? பச்சைக்கல் என்றால் காங்கேயத்துப் பக்கம் படியூர். போன கல்லுக்கு வந்த வெள்ளிக் காசுகளில் யார் தலை அதிகம்? கோயம்புத்தூர் வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த 522-ஐயும் 1891-இல் கிடைத்த 547-ஐயும் பாருங்கள்: அகஸ்டஸ், கூடவே புகார்க் கடிதம் எழுதிய அதே டைபீரியஸ்.

நம் பங்குக்கு 1963-இல் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று சட்டம் போட்டோம். 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1990-இல் கைவிட்டோம். பெண்களிடம் தோற்றதில் டைபீரியஸுக்கும் டெல்லிக்கும் வித்தியாசம் இல்லை.

மளிகைக்கடைக்காரர், சிங்காரப்பேட்டை: ஒரு தங்கக் காசுக்கு ரோமில் எவ்வளவு மிளகு கிடைக்கும்?

கறுப்பு மிளகு ராத்தல் நான்கு தெனாரியஸ் என்று பிளினி விலைப்பட்டியல் தருகிறார். இருபத்தைந்து தெனாரியஸ் ஒரு தங்கக் காசு. ஆக ஆறேகால் ரோமானிய ராத்தல். நம் கணக்கில் இரண்டு கிலோ. ஒரு பவுனுக்கு இரண்டு கிலோ மிளகு! அகஸ்டஸ் காலத்துப் படைவீரனின் ஓராண்டுச் சம்பளமே ஒன்பது தங்கக் காசு. இன்று உங்கள் கடைக்கு ஒரு பவுனோடு யாராவது வந்தால் மூட்டையாகக் கட்டிக்கொடுப்பீர்கள். யவனர் கப்பல் பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிப்போன காட்சி அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் இருக்கிறது. பாடியவர் விலையைச் சொல்லவில்லை. புலவர்களுக்கு மளிகைக் கணக்கு எப்போதும் பிரச்சினைதான்.

ஒரு விவசாயி, சாமல்பட்டி: நம்ம பூமியிலயும் கிடைக்குமா சாமி? மாந்தோப்புக்குக் குழி எடுக்கறப்ப கண்ணு அங்கயேதான் போகுது.

கண் போகட்டும், கடப்பாரை மாங்கன்றுக்கே போகட்டும். காசு நிறையக் கிடைப்பது பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கோவை, கரூர் வரை போகும் வழியில். நம் ஸ்டேஷனில் கோவை வண்டி ஏறினால் கடைசியில் அந்தப் பக்கம்தான் இறங்குவீர்கள். நம் வடமேற்கே பெங்களூரில் இரண்டு முறை வெள்ளி கிடைத்தது: 1891-இல் யஷ்வந்த்பூரில் 163, 1965-இல் எச்.ஏ.எல். பக்கம் 256. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெருமை வேறு உலோகம். மயிலாடும்பாறையில் எடுத்த சான்று, இங்கே இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்கிறது. ரோம் நகரத்துக்கு அப்போது அஸ்திவாரமே போடவில்லை.

ஒருவேளை கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் காத்திருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்று எழுதிய வெள்ளைக்காரன் போய்விட்டான், தொகை இன்னும் அங்கேயே நிற்கிறது. உரிமையாளர் யாருமில்லை என்று முடிவானால் கண்டவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசு வேண்டுமென்றால் உலோகத்தின் விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மறைத்தால் ஜெயில். தோப்பு உங்களுடையதாக இருந்தால் முக்காலும் காலும் சேர்ந்து முழுசு; கலெக்டர் ஆபீஸ் பஸ்ஸுக்கு மட்டும்தான் செலவு.

அதே தமிழாசிரியர், காவேரிப்பட்டணம்: தலையை வெட்டினார்கள் என்றீர். அப்படியானால் தமிழ் மன்னர் யாரும் தம் முகத்தைக் காசில் போடவில்லையா?

மடக்கிவிட்டீர்கள் ஐயா. போட்டார்கள். கரூர் அமராவதி ஆற்று மணலில் சின்ன வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ரோமானியப் பாணியில் பக்கவாட்டில் திரும்பிய ஒரு தலை; மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'மாக்கோதை'. இன்னொரு வகையில் 'குட்டுவன் கோதை'. சேர மன்னர்கள். பின்பக்கம் வெறுமை, கோயிலும் இல்லை, கைதியும் இல்லை, அம்மாவும் இல்லை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இந்தச் சங்ககாலக் காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்து எழுதியிராவிட்டால் பாதி உருக்குப் பட்டறைக்குப் போயிருக்கும்.

ஆக, முகம் நமக்கு ஒரு பொருட்டில்லை என்று இத்தனை பதிலில் நான் கட்டிய கட்டடத்தில் மாக்கோதை ஒரு செங்கல்லை உருவுகிறார். வியாபாரி எடையைப் பார்த்தான். ராஜா முகத்தைப் பார்த்தார். பார்த்து, 'நமக்கும் ஒன்று அடி' என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்டுப்பட்ட தலையைப் பார்த்தபின்புமா அந்த ஆசை வந்தது என்று அவரைக் கேட்க முடியவில்லை.

மறுபடியும் டீக்கடை வாசகர், சாமல்பட்டி: போலின்னே இருக்கட்டும். அந்தக் காசை இப்ப என்ன சார் பண்றது?

அன்றைக்குக் கூட்டத்தில் எல்லாரும் கையில் வாங்கி, தலையைப் பார்த்து, 'ராஜா மாதிரி இருக்கு' என்றார்கள். டீக்கடைக்காரர் மட்டும் ஈரக்கையைத் துண்டில் துடைத்துவிட்டு, அதை மேஜைமேல் ஒரு தட்டு தட்டினார். 'டப்' என்றது. ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்களிடம் டீக்குச் சில்லறை கேட்டார். அவரைக் கேளுங்கள்.